வெள்ளைப் பூ வந்தால் கடை

ராசப்பன் தைத்த தார்ப்பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியது என்று சொல்ல நாமக்கல் லாரிக்காரர்களில் ஒருவரும் கிடையாது. ஆனால் அவர் வாயைத் திறந்து "இது என் கை வேலை" என்று சொன்னதும் கிடையாது. பரமத்தி ரோட்டுத் தார்ப்பாய்க் கடை ஒன்றில் பதினான்கு வருஷம் சம்பளத்துக்குத் தைத்தார். கோணி ஊசியும் மெழுகு நூலுமாகக் குனிந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் நிமிர்வார். லாரிக்காரர் எவராவது வந்து சத்தம் போட்டால் போதும், தப்பு யாருடையது என்றுகூடக் கேட்காமல் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்துவிடுவார். தங்கமான மனுஷன் என்று ஊரார் சொன்னார்கள். பயந்த மனுஷன் என்று அவர் மனைவி வசந்தாமணி சொன்னாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில், ஆறு லாரிக்குச் சொந்தக்காரரான செங்கோட்டையன் கடைக்கு வந்தார். முதலாளி எழுந்து அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து பேச்சை எடுத்தார்.

"ஏப்பா ராசு, லாரி ஸ்டேண்டு பக்கத்துல என்னோட ஷெட்டு ஒண்ணு சும்மாதான் கெடக்குது. நீ எடுத்துக் கடை போடு. என்னோட வண்டி ஆறுக்கும் நீயே தெச்சுக் குடு. இப்பிடி ஒரு கைய வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு அடுத்தவங்கிட்டக் குனிஞ்சு கெடப்ப? பங்குனி பொறக்கறதுக்குள்ள சொல்லு."

அன்றிலிருந்து ராசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தைக்கத் தெரியும். நல்ல துணி எது, நாலு மழைக்கு நைந்துபோகும் துணி எது என்று தொட்டே சொல்லத் தெரியும். அதெல்லாம் பாதிதானே? கடை என்று போட்டுவிட்டால் வாசலில் நின்று "வாங்க" என்று கூப்பிட வேண்டும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து விலை சொல்ல வேண்டும். சண்டைக்கு வருகிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நான் ஆவேனா என்று நடக்கும்போதும் உட்காரும்போதும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் கொட்டகையில் கட்டியிருந்த எருமையை லாரிக்காரராக வைத்து, விலை சொல்லிப் பழகினார். எருமைக்கு முன்னாலேயே அவருக்குக் குரல் கம்மிப் போயிற்று.

தவிட்டுக் கூடையோடு வந்த வசந்தாமணி இதைப் பார்த்துவிட்டாள். "அதும் உங்ககிட்டக் கொறச்சுக் கேக்குதுங்களா?" என்று சிரித்தாள். வாரச் சந்தையில் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்தால், அவளிடம் பேசி ஜெயித்துப் போனவர் இல்லை. "நீங்க தைங்க. மத்தத அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல சரின்னு சொல்லுங்க."

சரி என்ற ஒரு சொல்லுக்குத்தான் ராசப்பனிடம் பஞ்சம். "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாம் புள்ள" என்றார்.

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் மாரியம்மனிடம் பூக் கேட்காமல் இறங்குகிறவர்கள் குறைவு. வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொரு பொட்டலத்திலும் வைத்து, அடையாளம் தெரியாதபடி வாழையிலையில் ஒன்றுபோலக் கட்டிக்கொண்டு போவார்கள். ஆத்தாளின் காலடியில் இரண்டையும் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வசந்தாமணி பொட்டலம் இரண்டையும் கட்டிக் கொடுத்தாள். மகள் தெய்வநாயகிக்குக் காய்ச்சல், அதனால் அவளால் கூடப் போக முடியவில்லை. கோயிலில் பூசாரி கற்பூரம் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்து ராசப்பனின் துண்டில் போட்டார். மற்றதையும் கையில் கொடுத்தார். ராசப்பன் வெளியே வந்து, முதல் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளை அரளி.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது வாய்க்கால் பாலம் வரைக்கும்தான் நின்றது. அதற்குள் முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிட்டது. செங்கோட்டையன் நாளைக்கே ஒரு குறை சொல்லி நின்றால் என்ன பேசுவது என்ற நினைப்பும் வந்துவிட்டது. பாலத்தில் நின்று தண்ணீரையே பார்த்தார். பிறகு வெள்ளைப் பூவைத் தண்ணீரில் விட்டார். பிரிக்காத இன்னொரு பொட்டலத்தையும் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"செவப்பு வந்துட்டுது புள்ள."

வசந்தாமணி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். மகளுக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டாள்.

அந்த ஷெட்டைக் காளியப்பன் எடுத்தான். ராசப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றவன், கோணலாகத்தான் தைப்பான். ஆனால் வாய் இருந்தது. மூன்று வருஷத்தில் இரண்டு மிஷின் போட்டான். எண்பத்துமூன்றில் பழைய கடை மூடியபோது, ராசப்பன் ஊசியை எடுத்துக்கொண்டு அவனிடமே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. காளியப்பன் அண்ணா என்றுதான் கூப்பிடுவான், முதல் டீ அவருக்குத்தான் கொடுப்பான். அந்த மரியாதைதான் அவரைத் தின்றது.

"ஷெட்டு மொதல்ல உனக்குத்தானே வந்துச்சாமா?" என்று வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. "ஆத்தா உத்தரவு குடுக்கலையே, நாம என்ன பண்றது?" என்பார் ராசப்பன். வசந்தாமணி கரண்டியோடு நின்று குழம்பு ஊற்றுவாள். மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குப் போனாலும் அவர் கோயிலுக்கு உள்ளே போக மாட்டார், கூட்டம் என்று சொல்லி வெளியிலேயே நின்றுகொள்வார். ஆத்தாள் தலையில் பொய்யை வைத்தவர் எந்த முகத்தோடு உள்ளே போவார்?

எண்பத்தேழில் தெய்வநாயகிக்குப் பத்தொன்பது வயது. தையல் வகுப்பு முடித்துவிட்டு, மாவு மில்லுக்குப் பக்கத்து அறையில் ஜாக்கெட் தைக்கும் கடை போட வேண்டும் என்று நின்றாள். ராசப்பன் ஒரு வாரம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், "எதுக்கும் ஆத்தாகிட்ட ஒருக்காப் பூக் கேட்டரலாம்" என்றார்.

ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த வசந்தாமணியின் கை நின்றது.

"வேண்டாமுங்க. நான் இனிப் பூக் கட்ட மாட்டேன்."

"ஏம் புள்ள?"

"அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூத்தானுங்க வெச்சுக் கட்டினேன்."

ராசப்பன் ஆட்டுக்கல்லுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷம். உத்தரவு வரவில்லை என்று அவர் அளந்த ஒவ்வொரு முறையும், கரண்டியோடு நின்றவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அப்பவே ஏன் கேக்கல?" என்றார், தரையைப் பார்த்து.

"என்னன்னு கேக்கறதுங்க? பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா, நானும் கடையில வந்து உக்கார்றேன், வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன்னு சொல்றதுக்குத்தான் இருந்தேன். நீங்க ஆத்தா மேல போட்டுட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். கடைக்கு நான் ஆவேனா என்று ஒரு மாதமாகத் தன்னையே கேட்டு, எருமையிடம்கூடப் பழகிப் பார்த்தவர், சந்தையில் யாருக்கும் மசியாதவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நாம் இரண்டு பேருமாக ஆவோமா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"அப்பா, பூக் கேக்கோணுமா, வேண்டாமா?" என்றாள் தெய்வநாயகி.

ராசப்பன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"வேண்டாஞ் சாமி. எனக்குத்தான் பயமா இருக்குது. நீ கடையப் போடு."

வசந்தாமணி குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு சுற்று சுற்றியவள், முடியாமல் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.