லட்டுவின் கல்யாண ஜாக்கெட்

லட்டு, உன் கல்யாண ஜாக்கெட்டை இன்றைக்கு வாங்கிவிட்டேன்.

நீ செத்துப்போய் நாற்பது நாள் ஆகிறது. மீன் வாங்க திரேஸ்புரம் போன என்னை, டெய்லர் மேரியக்கா கடைக்குள் கூப்பிட்டாள்.

அளவு கொடுத்த அன்று, "ரெண்டு இஞ்சு குறைச்சுத் தைங்க, அதுக்குள்ள மெலிஞ்சிருவா" என்று சொன்னது உன் அம்மா நான்தான். அன்றிலிருந்து உன் தட்டில் இரண்டு இட்லிக்கு மேல் வைக்கவில்லை.

அக்கா ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"நீ சொன்ன அளவுக்குத்தான் தைச்சேன் ஏளா. ஆனா உள்ள ரெண்டு இஞ்சு துணி மடிச்சு விட்டிருக்கேன். பிரிச்சா அவளுக்குச் சரியா இருந்திருக்கும். கல்யாணத்துக்குள்ள மெலிஞ்சிருவேன்னு எல்லாப் பிள்ளையளுந்தான் சொல்லுது. எவ மெலிஞ்சா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

நீ செத்ததற்குக் காய்ச்சல்தான் காரணம், சாப்பாட்டைக் குறைத்தது இல்லை என்று டாக்டர் சொன்னார். நம்ப முடியவில்லை. தைக்கிறவள் உனக்கு விட்ட இடத்தைப் பெற்றவள் விடவில்லையே.

வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தேன். உன் உடம்பு அப்படியே அதில் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

உனக்குத் துணையாக நானும் குடித்த கொள்ளுத்தண்ணீரை இன்றோடு விட்டேன். இனி இந்த உடம்பு இருக்கிறபடி இருக்கட்டும்.

இதைப் படிக்கிற அம்மாமார்களே, உங்கள் பிள்ளைக்கு இட்லியை எண்ணாமல் வையுங்கள். எண்ணுகிற கெட்டிக்காரத்தனம் என்னோடு போகட்டும்.

காய்ச்சலுக்கு முந்தின நாள் மூன்றாவது இட்லி கேட்டாயே லட்டு, அப்போது ரொம்பப் பசித்ததா?