பாலுக்காகக் கேட்ட பூ வாக்கு

ஏழாம் மாதமே என் மகள் பிறந்துவிட்டாள். போன வருடம், ஆடி இரண்டாம் வெள்ளி. கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த என்னை அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் ஒரு முழங்கை நீளம்கூட இல்லாமல் கிடந்தாள். காலில் ‘பேபி ஆஃப் செல்வி’ என்று பட்டை. பெயர் வைக்கிற நாளாவது வருமா?

செல்வி நான்தான். ஜீவனஹள்ளியில் தையல் வேலை. கொஞ்சம் வாய் நீளம், அம்மனிடம்கூட.

மூக்கில் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். ரத்னா சிஸ்டர், கன்னடக்காரப் பெண், வந்து உட்கார்ந்து சொன்னார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாலைச் சீக்கிரமாகக் கூட்டுவதா, மெதுவாகக் கூட்டுவதா, எது நல்லதென்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியாதாம். அதற்கொரு ஆராய்ச்சி. எந்தப் பிள்ளைக்கு எது என்று யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்களாம்; ஒட்டிய கவரைப் பிரித்தால் எது இருக்கிறதோ அதுதான். அதில் சேராவிட்டாலும் வைத்தியத்தில் குறை இருக்காதாம்.

“அட, எங்க அம்மன் கோயில்ல ரெண்டு பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒண்ண எடுத்துப் பாக்கற மாதிரிதான்!” என்றேன்.

எனக்கோ சீக்கிரமாகத்தான் வேண்டும். பெற்ற வயிறு, பிள்ளை பசியோடு கிடந்தால் தாங்குமா? தீட்டு என்பதால் நாங்கள் கோயிலுக்குள் போகக்கூடாது. பீன்யாவில் ஃபேக்டரி மிஷின் ஓட்டும் என் வீட்டுக்காரர் போய், வாசலிலேயே நின்று பூசாரியைப் பூ போடச் சொன்னார். வெள்ளைப் பூ வந்தால் சீக்கிரம், சிவப்பு வந்தால் மெதுவாக. “வெள்ளைதான் வந்துச்சு” என்றார். அம்மனே சொல்லிவிட்டாள் என்று தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன்.

கவரைப் பிரித்தால், ‘மெதுவாக’.

“அம்மன் குடுத்தது வேற. இன்னொரு கவர் பிரிங்க சிஸ்டர்!” என்று சண்டைக்கு நின்றேன்.

“அக்கா, பிடிச்சது வர்ற வரைக்கும் பிரிச்சுக்கிட்டே இருந்தா அது ஆராய்ச்சியா? உங்களுக்கு வேணாம்னா வெளிய வந்துடலாம். ஆனா கோயில்ல பூ பிடிக்கலேன்னா மறுபடி போடுவீங்களா?” என்றார்.

“சரி, இதையே குடுங்க” என்றேன். ஆராய்ச்சியில் இருந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் ஏனோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பிள்ளைக்கு வயிறு உப்பியது. பாலை நிறுத்திவிட்டார்கள். குடல் கெட்டுவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அம்மனை ஏசினேன். “கண்ணில்லாதவளே, வாக்குக் குடுத்துட்டு மாத்திட்டியே!”

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவள ஏசாத செல்வி. மொதல்ல செவப்புதான் வந்துச்சு. நீ அழுவியேன்னு பூசாரிகிட்ட மறுபடி போடச் சொன்னேன்.”

அடப்பாவி மனுஷா! அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன். பிறகு கண்ணை மூடினேன். “தாயே, செவப்போ வெள்ளையோ உன் இஷ்டம். புள்ளைய மட்டும் என் கையில குடு.” அவ்வளவுதான் கேட்டேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் அதுவரை வேண்டியதே இல்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் காலை ரத்னா சிஸ்டர் ஓடி வந்தார். “அக்கா, வயித்து உப்பல் வடிஞ்சிடுச்சு! பால் ஆரம்பிக்கிறோம்!”

மெதுவாகக் கொடுத்ததால்தான் பிழைத்தாளா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். “ஒரு குழந்தைய வெச்சுச் சொல்ல முடியாதும்மா. எல்லாக் குழந்தைங்களும் சேர்ந்துதான் சொல்லணும்” என்று சிரித்தார். சரி, என் பிள்ளையும் அதில் ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். அந்த டாக்டரம்மாவையும் சிஸ்டரையும் எனக்குக் கொடுத்தது என் அம்மன்தான். அதை யாரும் எனக்கு ஆராய்ந்து சொல்ல வேண்டாம்.

இப்போதும் அம்மனிடம் வாயாடுகிறேன், குணம் எங்கே போகும்? ஆனால் எந்தப் பூ வர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைக்காகத் தவிக்கும் சொந்தங்களே, நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டு அவளிடம் விட்டுவிடுங்கள்.

இந்த ஆடி வெள்ளி கோயிலில் ஊற்றுவது எங்கள் வீட்டுக் கூழ்தான். வாருங்கள், என் மகளைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கையாலும் தூக்க வேண்டும், அவ்வளவு கனம்.