மோட்டார் கொட்டகைக்குப் போன வைஃபை

பிரகதாம்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் புருஷனைத் திட்டித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பெரியண்ணன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், தங்கமான மனுஷன்தான். ஆனால் தங்கமான மனுஷன் சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் இருப்பவளுக்கு என்ன லாபம்? கல்யாணமான மறுவருஷம் விமானம் ஏறினான். எப்போதாவது வருவான், பெட்டியைப் பிரித்த சூட்டோடு மறுபடி கட்டிக்கொண்டு போவான். மகள் சுடர்விழிகூட வளர்ந்து இப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் பிரகதாம்பாள் மட்டும்தான்.

நான் செபமாலை. அன்னவாசலைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் லைன் இழுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பிரகதாம்பாளுக்கு நான் அண்ணன் முறை, அதனால் பெரியண்ணன் என்னை மச்சான் என்பான்.

போன சித்திரையில் ஒருநாள் பிரகதாம்பாள் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற வைஃபையைக் கடலைக் கொல்லை மோட்டார் கொட்டகை வரைக்கும் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாள். அந்தக் கொல்லை ஊருக்கு வெளியே, தைலமரக் காட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் கிடக்கிறது. செல்போன் டவர் அங்கே எட்டாது. மோட்டார் போடுவதற்கு எதுக்கம்மா வைஃபை என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ராத்திரி பெரியண்ணன் போன் பண்ணும்போது ரூமில் பத்துப் பேர் படுத்திருப்பார்களாம். சாப்பிட்டியா, பணம் வந்துச்சா, அவ்வளவுதான் பேச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவன் தனியாக இருப்பான். அங்கே மத்தியானம் என்றால் இங்கே காலை. அப்போது அவள் கொல்லையில் நிற்பாள்.

"அவரு பெர்மிட்டு தை மாசத்தோட முடியுதுண்ணே," என்றாள். "தெனமும் இந்தக் கொல்லையப் பாத்தா மனசு மாறிரும். இந்தத் தடவை வந்துருவாரு."

சரிம்மா, பார்க்கிறேன் என்றேன்.

புதுக்கோட்டையில் ஒரு கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி விற்ற பூஸ்டரை முதலில் மாட்டினேன். அது வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். மொட்டை மாடியில் ஒரு பெட்டி, கொட்டகையில் ஒரு பெட்டி. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும், நடுவில் மரம் மட்டை எதுவும் மறைக்கக் கூடாது என்றார்கள். இங்கே நடுவில் ஒரு காடே நிற்கிறது. என்னால் ஆகாதம்மா என்று கையை விரித்தேன். அவள் அசரவில்லை. இது தைலமரம் வெட்டுகிற வருஷம், பொறுத்திருங்கள் என்றாள்.

சொன்ன மாதிரியே ஆடியில் காட்டை ஏலம் எடுத்தவர்கள் வந்து மரத்தை வெட்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே வெட்டவெளியாகப் போச்சென்று புலம்பியது, இவள் ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தாள். மாடியில் ஏறினால் அடிக்கட்டைகளுக்கு அப்பால் கொட்டகை சின்னதாகத் தெரிந்தது. போனில் பேசிப் பெட்டியைச் சரிபார்க்கலாம் என்றால் அங்கேதான் போன் எடுக்காதே. அவள் கொட்டகை மேல்தளத்தில் ஏறி எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை வெயிலில் ஆட்டினாள். அந்த மினுக்கலைக் குறிவைத்து நான் மாடிப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தேன். பொழுது சாய்வதற்குள் லைன் கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து போனைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். அவன் அங்கே சோற்றைப் பிசைந்துகொண்டே பார்ப்பான். அந்த வரப்பில் எலி வளை இருக்கு பார், அடைத்துவிடு என்பான். உன் கண்ணுக்கு எலி வளைதான் தெரியுமா, நான் தெரியவில்லையா என்று இவள் கேட்பாளாம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பேசாததையெல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் பேசித் தீர்த்தார்கள். களை எடுக்கப் போகிறவள் தலையில் பூ வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். நான் கிண்டல் பண்ணினால், சும்மா இருங்கண்ணே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டவள் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

தை பிறந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னானாம். பெர்மிட்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டியாச்சு. முன்னாடியெல்லாம் ஊர் நினைப்பு பாடாய்ப் படுத்தும், இப்போது அந்தக் கஷ்டமே இல்லை, தினமும் கொல்லையில் உன்கூட நிற்கிற மாதிரிதானே இருக்கிறது. இதற்காக மச்சானுக்கு நன்றி சொல்லு என்று வேறு சொன்னானாம், படுபாவி.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். மறுநாள் அவன் எனக்குப் போன் பண்ணி, கொல்லையில் லைன் வரவில்லை, கொஞ்சம் போய்ப் பார் என்றான். வெட்டிய தைலமரம் துளிர்த்து மறைக்கிறதோ என்று மாடியில் ஏறிப் பார்த்தேன். தழை இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொட்டகையில் பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. பிரகதாம்பாள் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். நான் பிளக்கை மாட்டக் கையில் எடுத்தேன்.

"வேணாம்ண்ணே. அவருக்குப் பாத்தாப் போதும்னு ஆயிருச்சு," என்றாள். "எனக்குப் போதல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, தண்ணீர் பாய்கிற பக்கமாகப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. பிளக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவன் மறுபடி கூப்பிட்டான். என்ன பழுது, புதுப் பெட்டி வாங்கணுமா என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அது என் கையில இல்ல மாப்ள," என்றேன். "நீ வந்தாத்தான் சரியாகும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "கடலை பூத்துருச்சா மச்சான்?" என்று கேட்டான்.

பூத்திருந்தது. கொல்லை முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது.

"வந்து பாரு," என்று சொல்லிப் போனை வைத்தேன்.