கார் கொட்டகையில் தட்டிய சத்தம்

சேவியர் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் எனக்கு வந்தது. கேரளா போகிற லாரி ஒன்றின் அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் குனிந்து, "ஏனுங்க, உங்க பட்டறைக்காரர் தவறிட்டாருங்களாமா?" என்றார். "எந்தப் பட்டறைக்காரர்?" என்று கேட்டேன். திண்டுக்கல்லில் நானும் அவரும் கூட்டாக நடத்தியது ஒரே பட்டறைதான். ஆனாலும் வாயில் அப்படித்தான் வந்தது.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி இழுக்கவில்லை என்று வந்து நின்ற ஒரு மில் முதலாளியிடம், "வண்டியில ஒரு கோளாறும் இல்ல, ஓட்டுறதுதான் சரியில்ல. நீங்க பஸ்ஸுல போங்க" என்று சொல்லி அனுப்பியவர். அந்த மனிதர் அப்புறம் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "செத்த நேரம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாண்ணே?" என்று சண்டை பிடித்தால், "இருக்குறத இருக்குன்னு சொல்லாட்டி நமக்கு எதுக்குலே ஸ்பானரு?" என்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பொய் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்ட அம்மாளும் இப்போது உயிரோடு இல்லை, அவருக்குப் பிள்ளைகளும் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சித்தையன்கோட்டையில் ராஜாமணி அம்மாளின் வீட்டுக்காரர், தன் பழைய கறுப்புச் சீமைக் காருக்குள் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். வருஷத் திதி முடியும்வரை அந்த வண்டியைக் கிளப்பக் கூடாது என்று உறவுக்காரர்கள் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். திதி முடிந்த மறுநாள் அம்மாளின் தம்பி கிளப்பினார். எஞ்சினுக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். அம்மாள் அங்கேயே மயங்கி விழுந்தாராம். எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நல்ல உச்சி வெயில். கொட்டகைக்குள் மட்டும் ஏனோ குளிர்ந்து கிடந்தது. டாஷ்போர்டின் மேல் இறந்தவரின் மூக்குக் கண்ணாடி அப்படியே இருந்தது. அம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அண்ணன் எஞ்சினைக் கிளப்பி, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ப்ளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பேரிங் தேய்ந்திருந்தால் அப்போது சத்தம் குறையும்; இது குறையவே இல்லை. "கீழ பேரிங்கு இல்லலே. எஞ்சின் ரெண்டு சுத்து வந்தா இது ஒரு தட்டு தட்டுது. மேல வால்வுப் பக்கம்" என்றார். மெதுவாக ஓடவிட்டபோது அது இயந்திரச் சத்தமாகவே இல்லை. ஆள் ஒருவர் பொறுமையாகக் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது.

மேல்மூடியைத் திறந்தோம். ஒரு வால்வு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அது அசையாததால், அதைத் திறக்கக் கீழிருந்து மேலே தள்ளும் கம்பி வளைந்துவிட்டது. அண்ணன் கம்பியை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "இதாம்மா தட்டுனது. வேற யாருமில்ல."

அம்மாள் அதை வாங்கவில்லை. "அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை, தம்பி. கோவிச்சுக்கிட்டுக் காருல போயி உக்காந்தாரு. நான் கிரைண்டர ஓடவிட்டு மாவாட்டிக்கிட்டு இருந்தேன். டக்கு டக்குன்னு இதே சத்தம் கேட்டுச்சு. கோவத்துல தட்டுறாரு, தட்டட்டும்னு இருந்துட்டேன். நீ சொல்லு. அன்னைக்குத் தட்டுனது இந்தக் கம்பியா, அவரா?"

அண்ணன் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கம்பிதாம்மா. அப்பவே வளைஞ்சிருக்கு. அய்யா கெளம்பப் பாத்திருக்காரு, எஞ்சினு தட்டியிருக்கு. கிரைண்டர் சத்தத்துல எஞ்சின் ஓடுனது ஒங்களுக்குக் கேக்கல, தட்டு மட்டும் கேட்டிருக்கு" என்றார். அம்மாள் கம்பியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். பார்க்க முடியவில்லை.

அம்மாளின் வீட்டுக்காரர் இறப்பதற்கு முந்தின வாரம்தான் நாங்கள் அந்த எஞ்சினைத் திறந்து வால்வு இடைவெளியைச் சரிசெய்து கொடுத்திருந்தோம். கம்பிகள் எல்லாம் நேராக இருந்தன. துருவும் வளைவும் வண்டி பூட்டிக் கிடந்ததால் வந்தவை. திரும்பும் வழியில் கேட்டேன், "அப்ப அன்னைக்குத் தட்டுனது?" எங்கள் வண்டி ஆத்தூரைத் தாண்டியது. அண்ணன், "அந்தம்மா இன்னைக்காவது தூங்கட்டும்லே. நான் தூங்க மாட்டேன், அம்புட்டுத்தான்" என்றார்.

துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி சொன்னார்: "கடைசி நாள்ல எல்லாம், 'யாரோ தட்டுறாக, போயித் தெற'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாருப்பா. ஒவ்வொரு தடவையும் போயித் தெறந்தேன். ஒருத்தரும் இல்ல." எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பட்டறையில் அவர் பங்கு அண்ணிக்கு. அந்தப் பொய் எனக்கு. இத்தனை காலம் இரண்டு பேராகச் சுமந்தோம், இனி நான் ஒருவன். நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷட்டரை யாரோ தட்டினார்கள். சோற்றுக் கையோடு ஓடிப்போய்த் திறந்தேன்.