முறைத் தண்ணீர்

திருப்புட்குழி ஏரிக்கு அந்தண்டை, கொல்லையில் தனியாக நின்ற அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கு வைத்தால் ஆமணக்கெண்ணெய் வாசம் வரும். மற்ற வீடுகளில் கிருஷ்ணாயில் புகை. பிறகு கரண்டு வந்து அந்தப் புகையும் போய்விட்டது. தணிகாசலம் வீட்டில் மட்டும் வரப்பில் காய்த்த ஆமணக்கு, அதை இடித்துக் காய்ச்சிய எண்ணெய், கிழிந்த வேட்டியில் முறுக்கிய திரி. சோறும் அப்படித்தான். நெல், கேழ்வரகு, துவரை, மிளகாய், கத்தரிக்காய், எல்லாம் சொந்தக் கொல்லையில். உப்புக்கும் துணிக்கும் தவிர அவர் கடைப்படி ஏறமாட்டார்.

"பொண்டாட்டிய மட்டும் ஏன் வெளியூர்ல எடுத்தாரு? கொல்லையிலயே ஒண்ணு நட்டு வளத்திருக்கலாமே" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. அரிசிப் பஞ்சம் வந்த வருஷம், விதைநெல்லையும் குத்தித் தின்றுவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு கடை வாசலில் வரிசையில் நின்றார். துண்டை விரித்து ஏந்தியபோது, படி போடுகிற ஆள் அவர் உள்ளங்கையைப் பார்த்தான். கிணற்றில் இறைக்கிற வடம் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன கை.

"இன்னா பெரியவரே, ஏர் புடிக்கிற கையாட்டம் இருக்குது? நீயே ஏந்திக்கினு வந்தா நாங்க யார்கிட்ட போயி ஏந்துறது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு மனைவி ஜெயம்மாள் பொங்கிய புழுத்த அரிசிச் சோற்றை அவர் தொடவில்லை. இனி என் கொல்லையில் விளையாதது என் தொண்டையில் இறங்காது என்றார். பசியில் சொல்கிற பேச்சு என்று அவள் நினைத்தாள். அடுத்த வருஷம் மழை பெய்து நெல் வந்தது. அவர் பேச்சு மாறவில்லை.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்தக் கிணறு. பாட்டன் காலத்து நிலத்தைப் பிரித்தவர்கள் கிணற்றைப் பிரிக்க முடியாமல் பொதுவில் விட்டிருந்தார்கள். ஒரு நாள் தணிகாசலம் முறை, மறுநாள் சித்தப்பா மகன் ராஜகோபால் முறை. பொழுது விடிந்தால் முறை மாறும். இரண்டு பேருக்கும் கவலை ஏற்றம்தான். மாடுகள் சரிவில் இறங்க, தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். ஒரு ஜோடி மாடு ஒரு பகலில் எவ்வளவு இறைத்துவிடும்? இரவெல்லாம் ஊற்று சுரந்து, விடியும்போது தண்ணீர் பழைய படிக்கு வந்து நிற்கும். முறை என்பது நாளைப் பங்கிடுவதா, தண்ணீரைப் பங்கிடுவதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவை வரவில்லை.

கரண்டுக் கம்பம் கொல்லைப் பக்கம் வந்த வருஷம், ராஜகோபால் வெற்றிலை பாக்கோடு வந்தான். கூடவே ஊர்ப் பெரியதனம் வேலாயுதம்.

"ண்ணா, மோட்டார் போடலாம்னு இருக்கறேன். ரெண்டு பேரும் பாதிப் பாதி. மாட்டு வாலப் புடிச்சிக்கினு எவ்ளோ நாளு நடப்ப நீ?"

"எனக்கு வேணாம்பா. கரண்டுக்காரன் நெனச்சா விடுவான், நெனச்சா நிறுத்துவான். அவன் கம்பியில தொங்கிக்கினு நான் சோறு திங்கணுமா?"

"அப்ப நான் மட்டும் போட்டுக்கட்டுமா? பொதுக் கெணறு. நீ வேணான்னா வேணாம்."

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்றிருந்தால் போதும். ஆனால் அடுத்தவன் வேலியில் கை வைக்காதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"உன் முறையில நீ மோட்டார வெச்சி எறைப்பியோ, வாய வெச்சி உறிஞ்சுவியோ, எனக்கு இன்னா? முறை மட்டும் தவறக் கூடாது. கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு."

கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றி ராஜகோபால் சத்தியம் செய்தான். கடைசிவரை அதை மீறவே இல்லை. மீறியிருந்தால் தணிகாசலத்தின் கொல்லை பிழைத்திருக்கும்.

முதல் இரண்டு வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பியது, கிணறும் நிரம்பியது. ராஜகோபால் மேட்டு நிலத்தையும் உடைத்துப் புது ரக நெல் வைத்தான். மூன்றாவது வருஷம் ஏரி வறண்டது. தன் முறை நாளில் ராஜகோபால் மோட்டாரைப் போட்டால், பகலும் இரவுமாக, குழாய் காற்றை உறிஞ்சி இரையும்வரை ஓடும். மறுநாள் விடிந்ததும் தணிகாசலம் மாட்டைப் பூட்டுவார். நாலு சால் தண்ணீர் வரும். ஐந்தாவது சால் பாறையில் இடித்துச் சேற்றை அள்ளிக்கொண்டு வரும்.

கேழ்வரகு பயிர் நின்ற நிலையில் சுருண்டது. அவர் வேலாயுதத்திடம் போனார்.

"ராஜகோபாலு உன் முறையில எறைச்சானா?"

"இல்ல."

"பொழுது விடிஞ்சப்புறம் ஓட்டுனானா?"

"இல்லப்பா."

"கற்பூரம் அடிக்கச் சொன்னது யாரு?"

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ராஜகோபால் கெட்டவன் இல்லை. அவனே வந்து, "என் வாய்க்கால்லயிருந்து ஒரு மடை திருப்பிக்கோண்ணா, நான் இன்னா கேக்கவா போறேன்" என்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏந்திய தண்ணீரில் விளைந்தது தன் சோறாகுமா என்பது அவர் கேள்வி. அது மானமா, வீம்பா? ஊரார் இரண்டையும் சொன்னார்கள். கூடவே இருந்து பட்டினி கிடந்தவள் ஜெயம்மாள்.

"இந்த ஊருக் கோயில் தாயாரு வறுத்த பயற மொளைக்க வெப்பாளாம். பிள்ள இல்லாதவளுங்க எங்கிருந்தெல்லாமோ மடியில கட்டிக்கினு வராளுங்க. உன் வீம்புல ஒரு வெத கூட மொளைக்காது. பச்சை வெதயே கருகிப் போச்சி" என்றாள். மறுநாளே பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் பட்டு நூல் சுற்றப் போனாள். சாயங்காலம் முந்தானையில் கடை அரிசி. அவள் பொங்கித் தின்றாள். அவர் மரவள்ளிக் கிழங்கைச் சுட்டுத் தின்றார். ஒரே அடுப்பு, பேச்சில்லை.

வைக்கோல் தீர்ந்ததும் மாடுகள் சந்தைக்குப் போயின. பிடித்துப் போனவன் கவலைச் சாலையும் சேர்த்துக் கேட்டான். தோலுக்கு ஆகுமாம்.

கிழங்கும் தீர்ந்த மாசம், ராஜகோபால் வாசலில் வந்து நின்றான். லாரி ஒன்று வாங்கியிருந்தான்; கொல்லையைப் பார்க்க ஆளில்லை.

"நீ வந்து மோட்டார் போட்டு மடை கட்டுண்ணா. அறுப்புல கூலிய நெல்லா அளந்துடறேன். வெளியாள் வேணாம்னு பாக்கறேன்."

உள்ளே இருந்து ஜெயம்மாள், "வருவாருப்பா" என்றாள். அவர் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து ராஜகோபாலின் முறை நாளில் தணிகாசலம் சுவிட்சைத் தள்ளுவார். மண்வெட்டியோடு மடை மடையாகப் போய்த் தண்ணீர் திருப்புவார். தன் முறை நாளில் மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். ராஜகோபாலின் லாரி டிரைவர் ஒரு நாள் கேட்டான்.

"உன் பயிருதான் இல்லியே பெரியவரே, இன்னிக்கும் ஓட்டுனா இன்னா?"

"இன்னிக்கு என் முறை."

யாரும் தொடாத கிணற்றில் அவர் முறை முழுக்கத் தண்ணீர் ஊறி ஏறும். மறுநாள் விடிந்ததும் அதைச் சொட்டு விடாமல் இறைத்துப் பங்காளி நிலத்துக்குப் பாய்ச்சுவதும் அவர்தான்.

அறுப்பு முடிந்து களத்தில் ஆட்களுக்கு நெல் அளந்தார்கள். அவர் முறை வந்தது. துண்டை விரித்தார். வடம் பிடித்த காய்ப்புக் கரைந்து உள்ளங்கை மெத்தென்று ஆகியிருந்தது. மரக்காலைக் கவிழ்த்தவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

ஜெயம்மாள் அன்றைக்கே குத்திப் பொங்கினாள். தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"துண்ணு. உன் கெணத்துத் தண்ணிதான்."

"அவன் முறைத் தண்ணி" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.