ஒரு நாளைக்கு எழுநூறு

ராணுவ ஆவண அறையில் இருபத்தொன்பது வருடம் தட்டச்சு செய்தவளிடம் போய் யாராவது போர்க்களத்துக் கதை அளப்பார்களா? அளந்தார் ஒருவர். அதுவும் அவளுக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு.

அவளை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் ரெக்கார்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆவண அறையில் கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு மஞ்சள் அட்டை, அட்டைக்கு மேல் மூலையில் அவன் எண். சேர்ந்த நாள், விலகிய நாள், காயம், பதக்கம், தண்டனை, எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூளை ஓயவில்லை. தண்ணீர் வடிகட்டி விற்க வந்த ஒருவன் தன்னை முன்னாள் தளபதி என்று சொல்லிக்கொண்டபோது, மூன்றே கேள்வியில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பள்ளிக்கூட விழாவில் வீர உரை ஆற்றிய ஒருவரின் மார்பில் பதக்கங்கள் வரிசை மாறித் தொங்குவதைக் கடைசி வரிசையிலிருந்தே கண்டுபிடித்தாள். போலியைப் பிடிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு குஷி.

மகளுக்கு இது தெரியும். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அந்தப் பெண், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே அம்மாவை அடுப்படிக்குள் தள்ளி எச்சரித்தாள்.

"அம்மா, அவரோட அப்பா பட்டாளத்துல இருந்தவர். பழைய கதை பேசுவார். நீ பாட்டுக்கு உன் ஆபீஸைத் திறந்துடாதே."

"நான் என்னடி பண்ணப் போறேன்? கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர், சாது. அவனுடைய அப்பா நேர்மாறு. பெரிய கடை வளாகம் ஒன்றில் காவலர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். அங்கே அவருக்குப் பெயரே கேப்டன். முறுக்கிய மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக உட்கார்ந்து, நாற்பதாம் மேட்டுச் சண்டையை அவர் சொல்லச் சொல்ல வீட்டுச் சுவரே குண்டுபட்டு அதிர்வதுபோல் இருந்தது. பனி, இருட்டு, தலைக்கு மேல் சீறும் தோட்டா, தோளில் காயம்பட்ட நண்பன். கையில் தேநீர்க் கோப்பை ஆறிப்போவதுகூடத் தெரியாமல் மகளே வாய் பிளந்து கேட்டாள்.

ரெக்கார்டம்மாவுக்கு உள்ளங்கை அரித்தது. மேட்டின் எந்தப் பக்கத்தில் ஏறினார்கள் என்பதை அவர் தப்பாகச் சொல்லியிருந்தார். எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"சம்பந்தி, உங்க நம்பர் என்ன?"

அவர் யோசிக்கவே இல்லை. "எஸ் எட்டு ஒண்ணு ஏழு சைபர் ரெண்டு நாலு!" தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார் என்பதுபோல் வந்தது.

அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். உள்ளே மட்டும் தவில் வாசித்ததுபோல் இருந்தது. எண் நிஜம். ஆனால் சண்டை போடுகிற பிரிவுகளின் எண்ணுக்கு முன்னால் எழுத்தே கிடையாது. எஸ் என்றால் சமையல், ரொட்டி, சலவை, செருப்பு தைப்பது. மனிதர் பட்டாளத்தில் இருந்தவர்தான். மேட்டில் இருந்தவர் இல்லை.

விருந்தாளிகள் இறங்கிப் போனதும் மகளைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்மா! உன் காலைப் பிடிக்கிறேன். அவர் நல்லவர். அவங்க அப்பா கொஞ்சம் ரீல் விட்டா யாருக்கு என்ன நஷ்டம்? வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள். மூன்று வாரம் அந்த ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தது பெரிய தவம். திருமணப் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. எட்டு நாள்தான் பாக்கி. அப்போதுதான், ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அவளுடைய கைபேசி கூவியது.

பேசியவர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர். பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்க்க அவளைத்தான் நம்பியிருப்பார்.

"அம்மா, இன்னிக்கு நாலு மணிக்குப் பூங்காவுல நினைவுக்கல் திறப்பு. திரை விலக்க வேண்டிய பெரிய அதிகாரிக்குக் காலையிலிருந்து காய்ச்சல், வரல. நல்ல வேளை, கடை வளாகத்து மேனேஜர் ஒருத்தரை அனுப்பறேன்னுட்டார். நாற்பதாம் மேட்டுலயே சண்டை போட்டவராம்! பேரு அனுப்பியிருக்கேன், எழுத்துப் பிழை மட்டும் பாருங்க."

அவள் கைபேசித் திரையைப் பார்த்தாள். சம்பந்தியின் பெயர் கொட்டை எழுத்தில் மின்னியது.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" செயலாளரின் குரல் பூரித்தது. "அந்தச் சண்டையில பிழைச்ச பதினேழு பேர் தனி பஸ்ல வர்றாங்க. பழைய தோழரைப் பார்த்தா எப்படி இருக்கும் அவங்களுக்கு!"

ரெக்கார்டம்மா அழைப்பைத் துண்டித்தாள். பதினேழு பேர்! ஒருவர் முகத்தை ஒருவர் பனியிலும் இருட்டிலும் பார்த்துப் பழகியவர்கள். இந்த மனிதரை மேடையிலேயே உரித்துவிடுவார்கள். முதல் வரிசையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான். செயலாளரிடம் சொன்னால் சத்தியம் உடையும்; சம்பந்தியின் எண்ணுக்கே அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். ம்ஹூம்.

மருத்துவமனைக்கு ஓடினாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. அணையும் வரை பொறுக்காமல் கதவைத் தட்டினாள்.

"அம்மா, உள்ள பேஷண்ட்!"

"பல்லு எங்கேயும் போகாது. உன் மாமனார் மானம் போகுது, வாடி!"

மகள் பக்கத்து அறைக்காரியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் அம்மா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. முதல் சிக்னலில் சிவப்பு. இரண்டாவதிலும் சிவப்பு. பாலத்தில் ஒரு சிமெண்டு லாரி குறுக்கே நின்று மூச்சு வாங்கியது.

"சந்துல விடு! இடது பக்கம்! ஐயோ, அந்த இடது இல்லடி!"

"ரெண்டு இடது இருக்காம்மா?"

பூங்கா வாசலில் இறங்கியபோது நான்கு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பந்தல் நிறையக் கூட்டம். பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடாரம். மகளை வாசலில் நிறுத்திவிட்டு ரெக்கார்டம்மா உள்ளே நுழைந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் கேப்டன் தனியாக உட்கார்ந்திருந்தார். மார்பில் நான்கு பதக்கங்கள். முகம் மாவு பூசினதுபோல் வெளுத்திருந்தது. பதினேழு பேர் வரும் சேதி அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் கைபேசி அடித்து அடித்து அடங்கிக் கிடந்தது.

அவளைப் பார்த்ததும், "சம்பந்தியம்மா, நீங்களா? வாங்க வாங்க..." என்று எதையோ மென்று விழுங்கினார்.

"எஸ் எட்டு ஒண்ணு ஏழு சைபர் ரெண்டு நாலு" என்றாள் அவள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். குதிகால்கள் ஒட்டியிருந்தன, கைகள் பக்கவாட்டில். அவருக்கே தெரியாமல் உடம்பு நின்றது.

"எந்தப் பிரிவு?"

"ஏழாம் ரொட்டிப் பிரிவுங்க."

"எத்தனை வருஷம்?"

"பதினோரு வருஷம் நாலு மாசம்."

"மேட்டுக்குப் போனீங்களா?"

"மேட்டுக்குக் கீழ ஒன்பது மைல்ல எங்க அடுப்பு. ரொட்டி மேல போகும். நான் போனதில்ல."

"அப்புறம் ஏன் சம்பந்தி இந்தக் கூத்து?"

அவர் தோள் தளர்ந்தது. "ஊருக்கு வந்த முதல் நாள், தெருவுல எல்லாரும் சுத்தி நின்னாங்க. ஒருத்தர் கேட்டார், 'நிறைய சுட்டீங்களா?'ன்னு. நான் ரொட்டியை நினைச்சுக்கிட்டு, 'ஒரு நாளைக்கு எழுநூறு சுட்டேன்'னேன். அப்படியே ஆடிப்போயிட்டாங்கம்மா! என் பையனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டாங்க. அப்ப அவனுக்கு ஆறு வயசு. அவன் மூஞ்சியைப் பார்த்துட்டு நான் எப்படி மாத்திச் சொல்றது? அன்னிக்கு நான் சொன்னது பொய்கூட இல்ல. அதுக்கு அப்புறம் சொன்னதெல்லாம் பொய்."

சிரிப்பு அவள் தொண்டை வரை வந்துவிட்டது. அதே நேரம் வெளியே ஒரு பேருந்தின் ஹாரன் கேட்டது. சிரிப்பு அங்கேயே நின்றது. கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தார்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவர் ஊன்றுகோலோடு. ஒருவருக்கு ஒரு சட்டைக்கை காலியாகத் தொங்கியது.

"அம்மா, பின் பக்கமாப் போயிடறேன். உங்க பொண்ணை வண்டி எடுக்கச் சொல்லுங்க" என்றார் அவர்.

"போங்க. முன்னாடி உட்கார்ந்திருக்காரே உங்க பையன், அவருக்கு யார் சொல்றது? நானா?"

 அவர் பதக்கங்களைக் கழற்றத் தொடங்கினார். மூன்று வந்துவிட்டன. நான்காவதன் ஊசி சட்டையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. துணி கிழிந்தாலும் பரவாயில்லை என்று இழுத்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய அந்த நான்கையும் அவள் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

செயலாளர் மேடையில் முழங்கினார்: "நாற்பதாம் மேட்டின் வீரர்!" கைதட்டல் பந்தலைத் தூக்கியது. அவர் ஏறினார். ஒலிபெருக்கி முன்னால் நின்றார். கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தார்.

"நான் அந்த மேட்டுல இல்ல. நான் ரொட்டிப் பிரிவு. இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். என் பையன்கிட்டயும்தான்."

 பதினேழு பேரில் ஒல்லியான ஒருவர் எழுந்தார். அவர் குரல் கூடாரத்துக்குள் நின்ற ரெக்கார்டம்மாவின் முதுகைச் சிலிர்க்க வைத்தது.

"என் தம்பி அந்த மேட்டுலதான் செத்தான். இருபத்தோரு வயசு. அவன் உயிரைக் கொடுத்து வாங்கின பேரை நீ சும்மா போட்டுக்கிட்டுத் திரிஞ்சியா? வெக்கமா இல்ல?"

"தப்புங்க" என்றார் கேப்டன். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ரொட்டி அனுப்பினேனே என்று வாயெடுக்கவில்லை. திட்டி முடியும் வரை அப்படியே நின்று வாங்கிக்கொண்டார். முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். மாப்பிள்ளை எழுந்து, யாரையும் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியே போய்விட்டான்.

திரையை யார் விலக்குவது என்று செயலாளர் கையைப் பிசைந்தார். ஒல்லி மனிதர் தானே நடந்துபோய் துணியை இழுத்தார். கல்லில் முப்பத்தாறு பெயர்கள். தம்பியின் பெயரை விரலால் தொட்டார். வாத்தியம் ஊதியது. அவர் அதற்குப் பிறகு கேப்டன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை, அன்றும் சரி, பின்னாலும் சரி.

எல்லோரும் கலைந்த பிறகு ஊன்றுகோல்காரர் மட்டும் நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஏழாம் பிரிவா? யோவ், உங்க ரொட்டி கல்லுய்யா!"

"பனிங்க. மேல வர்றதுக்குள்ள உறைஞ்சுடும்."

"சட்டைக்குள்ள போட்டு, உடம்புச் சூட்டுல இளக்கித் தின்னோம்." அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பார்க்கப் போனார்.

மறுநாளே சம்பந்தி தன் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் வெகுநேரம் முறைத்துவிட்டு, வேலையில் இருக்கச் சொன்னார். மேற்பார்வைப் பதவி மட்டும் போனது. பையன் மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ரெக்கார்டம்மாவின் மகளுக்கு போன் செய்து, கல்யாணம் வேண்டாமென்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடு என்றான்.

"பொய் சொன்னது உங்க அப்பா. நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள் மகள். "எங்கம்மா கதவைத் தட்டினதுல ஒரு பேஷண்டுக்குத் தாடைக்குப் பதிலா மூக்கு எக்ஸ்ரே வந்திருக்கு. நான் அதைப் பத்தி யார்கிட்ட அழறது?"  அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் அவன் நான்காம் நாள் காலை அப்பாவின் அறைக்குள் போனான். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன.

பதிவு அலுவலகத்தில் கூட்டமான கூட்டம். எழுத்தர் படிவத்தை நீட்டி, "மணமகனின் தந்தை தொழில்?" என்றார். எல்லோரும் ஒரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சம்பந்தி பேனாவைத் தானே வாங்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ரொட்டி சுடுபவர் ராணுவம் ஓய்வு' என்று நிதானமாக எழுதினார். எழுதிவிட்டு ரெக்கார்டம்மா பக்கம் படிவத்தைத் திருப்பினார்.

"சம்பந்தியம்மா, நடுவுல கமா வருமா?"

"ரெண்டு வரும்" என்றாள் அவள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.