தேதியைத் திருப்பி எழுதியபோது

பிள்ளைகளா, மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டேன் என்று கோபித்துக்கொள்வீர்களே, அதன் காரணத்தை எழுதுகிறேன்.

பதினோரு சின்னக் கடைகளின் இணையப் பெயர்கள் அதில் இருக்கின்றன. யாராவது கடைப் பெயரைப் போனில் தட்டினால், அந்தக் கடையின் பக்கம் எந்த விலாசத்தில் இருக்கிறது என்று அதுதான் வழி சொல்லும். பக்கங்கள் வேறு ஊரில் வாடகை இடத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் வழி சொல்ல ஆள் இல்லையென்றால் யாரும் அங்கே போய்ச் சேர முடியாது.

அதனால் இரண்டாவதாக ஒரு கம்ப்யூட்டரும் வழி சொல்ல வேண்டும் என்பது விதி. நானும் வைத்திருந்தேன், அதே வீட்டில், அதே பிளக்கில். ஒரு மழையில் தாராவியில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன.

ஆண்டாப் ஹில்லில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் அக்கா போன் செய்தார். ஆர்டர் வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

"ஏ தம்பி, என் கடைய எங்க கொண்டு ஒளிச்சு வச்சிருக்க? தீபாவளி வருது. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன், சொல்லிட்டேன்."

இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வெளியே இடம் தேடினேன். பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு பெயருக்கும் மாதாமாதம் டாலரில் கேட்டார்கள். இலவசம் என்றவர்கள் மூன்று பெயருக்கு மேல் வாங்கவில்லை. கடைசியில் செம்பூரில் ஒருவர் அகப்பட்டார். எத்தனை பெயரானாலும் வருடத்துக்கு ஒரே கட்டணம், நான் தாங்கக்கூடிய அளவில். கடைப் பெயரும் விலாசமும் எழுதிய என் பட்டியலை அவருடைய மெஷின் தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும். பட்டியலை மாற்றும்போதெல்லாம் அதன் தலையில் முன்பைவிடப் பெரிய எண் போட வேண்டும், அவ்வளவுதான். நான் அன்றைய தேதியையே எண்ணாகப் போட்டேன். ரேஷன் ஃபாரம் முதல் உங்கள் ஸ்கூல் ஃபாரம் வரை எழுதிப் பழகியபடி நாள், மாதம், வருடம்.

முப்பத்தொன்றாம் தேதி வரை பிரச்சினை இல்லை. மறுநாள் ஒன்றாம் தேதி, அக்காவின் பக்கத்தைப் புது இடத்துக்கு மாற்றி, பட்டியலில் விலாசத்தையும் திருத்தினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தார்.

"எனக்குத் தெரியுது, என் மருமவ போன்ல ஒண்ணையும் காணலியே. இது என்ன கூத்து தம்பி?"

செம்பூருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"சார், என் மெஷினுக்குக் காலண்டர் தெரியாது. நேத்து முப்பத்தொண்ணுல ஆரம்பிச்ச நம்பர் கொடுத்தேள், இன்னிக்கு ஒண்ணுல ஆரம்பிக்கறது. சின்ன நம்பரா இருக்கே, பழசாக்கும்னு அது கண்டுக்கவே இல்லை. உங்க மெஷின்கிட்ட வழி கேட்ட போனுக்குப் புது இடம், எங்கிட்ட கேட்டதுக்குப் பழைய இடம். வருஷத்த முன்னாடி போடுங்கோ, அப்புறம் மாசம், நாள். கடைசில ரெண்டு இலக்கம் சேத்துக்கோங்கோ, ஒரே நாள்ல ரெண்டு தடவ மாத்தினாலும் தாங்கும்."

"நான் பத்தாவதுதான் சார்."

"எஞ்சினியர்களே இதைப் பண்ணிட்டு எங்கிட்டே சண்டைக்கு வரா. நீங்க தேவலை."

திருப்பி எழுதினேன். சிறிது நேரத்தில் மருமகள் போனிலும் கடை வந்துவிட்டது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம், செம்பூர் மெஷின் தனியாக வழி சொல்கிறதா என்று பார்க்க, நானே கம்ப்யூட்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அக்கா கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"தம்பி, காலையிலேருந்து ஆர்டரா வந்து குமியுது, இப்பவும் நிக்கல. அதிரசத்த மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்க வழியிருக்கா? மாவு தீந்து போச்சு."

இருக்கிறது அக்கா என்றேன். கம்ப்யூட்டரை உடனே போடவில்லை. உங்கள் அம்மாவிடம் சோறு போடச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.